நிபந்தனை போடாத கேஸ்

வேலூர்ப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பானெட்டுக்குள், ஏ.சி. கேஸை அழுத்திச் சுற்றவிடும் ஒரு கம்ப்ரஸர் இருந்தது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். அதனாலேயே கூட இருந்த உருப்படிகள் எதற்கும் அதைப் பிடிக்காது.

வேனுக்குக் குளிர்ச்சி கொடுத்துவந்த பழைய கேஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வானத்தைக் கெடுக்கிறது என்று அந்த வகையையே உலகம் எப்போதோ தடை செய்துவிட்டதால், இனி அது திரும்பி வர வழியில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் வாடி வதங்கினார்கள். வேன்காரர் தணிகைமலை காலையிலேயே ஏ.சி. மெக்கானிக் பரசுவின் பட்டறையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

காலியான இடத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"நான் உள்ளே வரணும்னா பழைய எண்ணெயை வடிச்சிட்டு எனக்கு ஒத்த எண்ணெய் ஊத்தணும். ரப்பர் வளையங்களை மாத்தணும். ஓட்டை இருந்தா முதல்ல அதை அடைக்கணும்" என்றது ஏ.சி.க்கென்றே செய்த, 134 என்று எண் போட்டிருந்த கேஸ் சிலிண்டர்.

கம்ப்ரஸருக்குள் இருந்த பழைய எண்ணெய்க்கு வந்ததே கோபம்! "மாப்பிள்ளை முறுக்கைப் பாரு! வாசப்படி மிதிக்கிறதுக்கு முன்னாடியே எங்களைத் துரத்தப் பாக்குது."

அடுத்து நின்ற சிவப்பு சிலிண்டர் குழைந்தது. சமையல் கேஸ் அது. "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. யாரும் மாற வேணாம். நான் எல்லாரோடயும் அனுசரிச்சுப் போவேன்."

"குணம்னா இதான் குணம்!" என்று ரப்பர் வளையங்கள் பூரித்துப்போயின. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த கூலிங் காயில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கம்ப்ரஸருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழைய கேஸ் எந்த வழியா வெளியே போச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? காயில் ஏன் பேசல? ஓட்டை அதுகிட்டதான் இருக்கு! பிள்ளைங்க எல்லாம் ஏறி உக்காந்ததும் தணிகைமலை அதுக்கு முன்னாலதானே முருகர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தறாரு? அந்த ஓட்டைக்குப் பின்னால நெருப்புப் புடிக்கிற கேஸைக் குடி வைப்பீங்களா?"

"ஊசிமுனை அளவுதான்" என்று முனகியது காயில்.

"உனக்கு யாரைக் கண்டாலும் ஆகாது" என்றது எண்ணெய்.

வெளியே மனிதர்களும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எது சீக்கிரம் முடியும் பரசு? பிள்ளைங்களை ஏத்தப் போக நேரமாவுது."

"இந்தச் சிவப்புன்னா இப்பவே முடிஞ்சிரும்ணே. அந்த இன்னொண்ணுக்கு எல்லாத்தையும் பிரிக்கணும்."

"சமையல் கேஸாச்சேப்பா?"

"நிறையப் பேர் இதான் போடறாங்க. ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாது! இந்த இரண்டு வார்த்தையை நம்பி நம் ஊரில் எத்தனை உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது!

சிவப்பு கேஸ் உள்ளே போனது. வேன் தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாகப் பட்டறை வாசலுக்கே வந்தது. எப்போதும் கடைசியில் ஏறுவது பரசுவின் மகள் தமயந்திதான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே ஜில்லென்று இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தணிகைமலை ஊதுபத்தியை எடுத்தார். தீப்பெட்டியைத் திறந்தார்.

சுற்றிக்கொண்டே இருந்தால் வேலை நிலைக்கும். நின்றால் காயலான் கடைதான். கம்ப்ரஸருக்கு அது நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இறுகி நின்றுவிட்டது.

பெல்ட் கிறீச்சென்று அலறியது. பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. தணிகைமலை தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று கதவுகளைத் திறந்துவிட்டார்.

தமயந்தி ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, வண்டிக்குள்ள நம்ம வீட்டு கேஸ் அடுப்பு வாசனை வந்துச்சுப்பா."

தணிகைமலை கீழே கிடந்த தீப்பெட்டியைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாதுன்னியே பரசு! உன் பொண்ணும் உள்ளதானேடா இருந்தா?" என்று கத்தினார்.

பரசு மகளைத் தூக்கிக்கொண்டு வேனைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தார்கள். காயில் மாறியது, வளையங்கள் மாறின, எண்ணெய் மாறியது. புதுக் கம்ப்ரஸர் ஒன்று வந்து உட்கார்ந்த பிறகு, நிபந்தனை போட்ட கேஸ் தன் இடத்துக்கு வந்தது.

மறுநாள் காலை, பழைய கம்ப்ரஸர் பட்டறை மூலையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு டப்பாவில் பழைய எண்ணெய். அப்போதும் எண்ணெய்க்குப் புத்தி வரவில்லை.

"நீ மட்டும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா, நாம எல்லாரும் இன்னிக்கு உள்ள இருந்திருப்போம்" என்று புலம்பியது.

வாசலில் வேன் வந்து நின்றது. தமயந்தி ஏறிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தணிகைமலை தீக்குச்சியைக் கிழித்தார். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிசாகப் புகை எழுந்தது.

"நல்லா பாருடா" என்றது கம்ப்ரஸர். "ஊதுபத்தி எரியுது. ஊதுபத்தி மட்டும்தான் எரியுது."