குட்டி ஏன் தலையைச் சாய்ச்சுப் பார்க்குது

சொன்ன பேச்சு கேக்காத நாயா? யாரு, எங்க குட்டி முறுக்கா? நிறுத்துங்க சார். நீங்க குடியிருப்போர் சங்கச் செயலாளரா இருக்கலாம். அதுக்காக, "'சிட்'னா உக்காரல, 'கம்'னா வரல, குட்டியை வெளியேத்து"ன்னு எங்க வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டுவீங்களா? நான் சொன்னா உக்காருது, இருன்னா இருக்குது, கூப்பிட்டா ஓடி வருது. உங்களுக்கு மட்டும் ஏன் வரல? கேளுங்க.

அந்தக் காலத்துல நாய் பேசும். அதுவும் சும்மாப் பேசாது, எதிர்த்துப் பேசும். ஆத்தங்கரையில சாத்தன்னு ஒருத்தன் ஒரு குட்டியைப் பழக்கினான்.

"உக்காருடா."

"எதுக்கு?"

"சொன்னா செய்யணும்."

"சரி, செய்யறேன். நீயும் சொன்னதைச் செய்வியா?"

"செய்யாம? மனுஷன் வாக்குடா!"

குட்டி நம்பிடுச்சு. உக்காரக் கத்துக்கிச்சு, கூப்பிட்டா வரக் கத்துக்கிச்சு. ஒருநாள் ஆத்து நடுவுல இருந்த மணல்திட்டுல அதை நிறுத்தி, "இரு, வரேன்"னுட்டு சாத்தன் சந்தைக்குக் கிளம்பினான். வழியில மச்சான் வீடு. கறிச்சோறு. தின்னுட்டு அங்கேயே படுத்துட்டான்.

மேக்கால மழை. ஆத்துல தண்ணி ஏறுச்சு. குட்டிக்குக் கால் நனைஞ்சுது, வயிறு நனைஞ்சுது.

கரையில நின்ன ஆடு கத்துச்சு: "அட மக்கு, நீந்தி வாடா!"

"வரேன்னு சொல்லியிருக்கான். வருவான்."

வரல. வெள்ளம்தான் வந்துச்சு. அடிச்சுக்கிட்டுப் போன குட்டி, ஒரு நாணல் புதரைப் பல்லால கவ்விக்கிட்டு ராத்திரி பூரா தொங்குச்சு.

விடிஞ்சு வந்த சாத்தன் கேட்டான்: "ஏண்டா இந்தக் கோலம்?"

"வரேன்னியே!"

சாத்தன் சிரிச்சான். "அட கிறுக்கா, போறேன்னு சொல்லக் கூடாதுன்னு வரேன்னு சொல்றதுடா அது! எல்லாரும் சொல்றதுதானே. நெசமாவா எடுத்துக்கிட்ட?"

அந்தச் சிரிப்புதான் குட்டியால தாங்க முடியல.

"சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. இப்படிப்பட்ட பேச்சு எனக்கு வேணாம், நீயே வச்சுக்க. இனிமே உன் வாயை நம்ப மாட்டேன். உன் கையைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன். அதுவும் உன் சொல்லும் ஒத்துப்போனா உக்காருவேன். இல்லேன்னா நீ தொண்டை கிழியக் கத்து."

அதோட வாயை மூடுச்சு. "ஒரு வார்த்தை பேசுடா ராசா"ன்னு சாத்தன் கெஞ்சினான். குட்டி தலையை ஒருபக்கமாச் சாய்ச்சு, அவன் மூஞ்சியையே பார்த்துச்சு. பேசல.

அன்னையிலேருந்துதான் நாம எது சொன்னாலும் நாய்க்குட்டி தலையைச் சாய்ச்சு, நம்ம கையையும் கண்ணையும் பார்த்துட்டு, அப்புறம்தான் கேக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுது.

இப்ப நீங்க சொல்லுங்க சார். செவ்வாய்க்கிழமை லிஃப்ட் பக்கத்துல "வாடா செல்லம்"னு தேனாக் கூப்பிட்டீங்களே, முதுகுக்குப் பின்னாடி பிடிச்சிருந்தது விளக்குமாறா, இல்லையா? எங்கிட்ட வந்து காதுல சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல, மைக்கைப் பிடிச்சு, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!