சிறந்த கணவர் விருது

மூங்கிலாற்றுக் காட்டில் மகுடபதி என்றோர் ஆண் இருவாச்சிப் பறவையும் அதன் மனைவி தெய்வானையும் வாழ்ந்தன.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நீட்டுமளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போது அதன் சிறகுகள் உதிர்ந்துபோகும். பறக்க முடியாது. கணவன் கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு, அந்தச் சுவர்தான் காவல்.

தெய்வானை கட்டிய சுவர் பாறை மாதிரி இருந்தது. ஆனால் மகுடபதியின் வாய்க்குத்தான் சுவரே இல்லை!

மலையுச்சியில் டவர் வந்த பிறகு அந்தக் காட்டில் எல்லார் கையிலும், கை இல்லாதவர்கள் காலிலும் போன் வந்துவிட்டது. 'நம்ம காடு' என்று ஒரு குழு. கரடி முதல் கட்டெறும்பு வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். அங்கே மகுடபதி பொழுது விடிந்தால் ஒரு பதிவு போடும்.

"இதுதான் எங்கள் வீடு! ஆற்று வளைவில் இருக்கும் பெரிய மரம்!"

"தெய்வானை முட்டை போட்டுவிட்டாள்! ரெண்டு! வாழ்த்துங்கள் நண்பர்களே!"

"அத்திப்பழம் பறிக்க அக்கரைக்குக் கிளம்பிவிட்டேன்! திரும்ப உச்சிப்பொழுது ஆகும்!"

தெய்வானைக்கு இது பிடிக்கவே இல்லை. கீறல் வழியாகக் கேட்டது. "ஏங்க, நம்ம வீட்டு விஷயத்தை எதுக்குங்க ஊர் முழுக்கச் சொல்றீங்க?"

"எல்லாம் நம்ம காட்டு ஆளுங்கதானே! அந்நியர் யாரு இருக்காங்க? பூங்குயில்னு ஒருத்தர், எவ்வளவு நல்ல மனசு தெரியுமா! நான் என்ன போட்டாலும் முதல் ஆளா வந்து இதயம் போடுறார்!"

பூங்குயில் என்ற பெயரிலும் படத்திலும் இருந்தது குயில் இல்லை, முட்டை தின்று கொழுத்த ஒரு மரநாய். மகுடபதி போட்டதை எல்லாம் அது ஒன்று விடாமல் படித்தது. வீடு தெரிந்துவிட்டது. ஆள் இல்லாத நேரமும் தெரிந்துவிட்டது. சுவரைத்தான் வெளியிலிருந்து உடைக்க முடியாது. தெய்வானையே உள்ளிருந்து உடைத்தால்தான் உண்டு.

மரநாய் யோசித்தது. பிறகு வேறொரு பெயரில் மகுடபதிக்குச் செய்தி அனுப்பியது.

"வாழ்த்துகள் ஐயா! இந்த ஆண்டின் சிறந்த கணவர் விருதுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்! சரிபார்ப்பதற்காக ஒரே ஒரு விவரம் வேண்டும். வந்திருப்பது நீங்கள்தான் என்று உங்கள் மனைவி எப்படித் தெரிந்துகொள்வார்?"

விருது என்றதும் மகுடபதிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்பது யார், எந்த ஊர், எதற்கு இந்த விவரம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை!

"முதலில் அலகால் சுவரை மெல்ல உரசுவேன். பிறகு ஒரு தட்டுத் தட்டுவேன். நாங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்!" என்று பெருமையாக அனுப்பியது.

மறுநாள் மகுடபதி அக்கரைக்குப் பறந்ததும் மரநாய் மரமேறியது. நகத்தால் சுவரை மெல்ல உரசியது. ஒரு தட்டுத் தட்டியது.

"வந்துட்டீங்களா?" என்றது தெய்வானை.

"தெய்வானை! அடிமரம் அரிச்சுப்போச்சு, மரம் சாயப்போகுது! சுவரை உடைச்சிக்கிட்டு உடனே வெளியே வா! நான் தாங்கிக்கிறேன்!"

தெய்வானை அலகைத் தூக்கிச் சுவரை ஒரு குத்துக் குத்திவிட்டது. கொஞ்சம் மண் உதிர்ந்தது. ஆனால் அந்தக் குரல் என்னமோ போலிருந்தது.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"பழக்கொட்டை தொண்டையில மாட்டிக்கிச்சு! சீக்கிரம்!"

"இருங்க. நம்ம கல்யாணம் எப்போ நடந்தது?"

"மாசிப் பௌர்ணமிக்கு!" சரியான பதில்.

"எனக்குப் பிடிச்ச பழம்?"

"காட்டு ஜாதிக்காய்!" அதுவும் சரி.

"எங்க அம்மா பேரு?"

"குமுதவல்லி! இப்போ கேள்வி கேக்குற நேரமா இது?" எதைத்தான் மகுடபதி விட்டுவைத்திருந்தது!

தெய்வானை முட்டைகளைப் பார்த்தது. உதிர்ந்து கிடந்த தன் சிறகுகளையும் பார்த்தது. கடைசியாக ஒன்று கேட்டது.

"இன்னைக்குக் காலையில சண்டை போட்டப்போ நான் உங்களை என்னன்னு திட்டினேன்?"

மரநாய் படித்த பதிவுகளை எல்லாம் மனதுக்குள் புரட்டியது. அப்படி ஒன்றுமே இல்லை!

"சண்டையா? நமக்குள்ள ஏது சண்டை? நாமதான் இந்தக் காட்டுலயே ஒத்துமையான ஜோடியாச்சே!" என்று அசடு வழிந்தது.

காலையில் தெய்வானை மகுடபதியை "ஓட்டை வாய்" என்று திட்டியிருந்தது. அந்த வெட்கக்கேட்டை மட்டும் மகுடபதி யாருக்கும் சொல்லவில்லை. தன் மானம் போகுமென்றால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்கிறது பாருங்கள்!

கீறலருகே நீண்டிருந்த மூக்கில் தெய்வானை பலம் கொண்ட மட்டும் ஒரு கொத்துக் கொத்தியது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு மரநாய் கிளைக்குக் கிளை முட்டிக் கீழே விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

உச்சிப்பொழுதில் மகுடபதி வந்தது. சுவரில் நகக்கீறல். அலகிலிருந்த பழம் நழுவி விழுந்தது.

"தெய்வானை! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா உங்களை மாதிரியே பேசிக்கிட்டு வந்த அது, நம்ம வீட்டு விஷயம் எல்லாத்துக்கும் டக்டக்னு பதில் சொல்லுச்சு. நீங்ககூட எங்க அம்மா பேரை ஒரு தடவை யோசிச்சுத்தான் சொல்லுவீங்க."

மகுடபதிக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடுறேன்!" என்று போனை எடுத்தது. தன் பதிவுகளை அழித்தது. என்ன பயன்? அந்தப் பதிவுகளைக் கரடி ஏற்கெனவே பக்கத்துக் காட்டுக் குழுவுக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து எங்கே போனதோ, யார் எடுத்து வைத்திருக்கிறார்களோ!

அன்று முதல் மகுடபதி ஒரே நேரத்தில் கிளம்புவதை விட்டது, ஒரே வழியில் வருவதை விட்டது. இரண்டும் பேசிப் புதிதாக ஓர் அடையாளம் வைத்துக்கொண்டன. அது என்னவென்று எனக்கும் தெரியாது.

"என்ன மகுடபதி, பதிவையே காணோம்? முட்டை பொரிந்ததா?" என்று குழுவில் கேட்டார்கள்.

"எல்லாரும் நலம்" என்று மட்டும் பதில் வந்தது.

ஒரு காலையில் இரண்டு இளம் இருவாச்சிகள் மரத்துக்கு மேலே பறந்தன. குஞ்சு பொரித்த சேதியே அப்போதுதான் காட்டுக்குத் தெரிந்தது.

நம்மைப் பற்றியும் நம் வீட்டாரைப் பற்றியும் இணையத்தில் கொட்டிவிட்ட விவரங்களைத் திரும்ப அள்ள முடியாது. ஆகையால் யார் புகழ்ந்து கேட்டாலும், பரிசு தருவதாகச் சொல்லிக் கேட்டாலும், அவற்றைக் கொடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.