சோலையார் காட்டிய காலி இடம்

ஒரு காலத்தில், மேற்கு மலையின் உச்சியில், மேகம் வந்து முட்டிக்கொள்கிற உயரத்தில், இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள்.

ஒருவர் சோலையார். மலை மடிப்புகளில் நெருக்கியடித்து நிற்கும் குட்டை மரங்களின் காடு அவர். கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் பூ, உள்ளே போனால் நடுப்பகலிலும் அரை இருட்டு. ஒரு மரத்தைத் தொட்டால் ஒன்பது மரம் "யாரது?" என்று கேட்கும். அவ்வளவு பெரிய கூட்டுக்குடும்பம்.

இன்னொருத்தி புல்வெளி. சரிவுகளிலும் மேடுகளிலும் அவள் பாட்டுக்குப் படுத்திருந்தாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இருவருக்கும் நடுவிலிருந்து ஓர் ஓடை புறப்பட்டுக் கீழே உள்ள ஊருக்குப் போனது. சோலையார் அதை 'என் ஓடை' என்றே சொல்வார். புல்வெளி மறுத்ததில்லை. அவளுக்கு எந்நேரமும் வேலை இருந்தது. மழை பெய்தால் பிடிக்க வேண்டும். மூடுபனி வந்தால் நுனி நுனியாகத் துடைத்து எடுக்க வேண்டும். பிடித்ததையெல்லாம் அவசரப்படாமல் மண்ணுக்குள் இறக்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு செய்கிற வேலையா அது?

ஒருநாள் சமவெளியிலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி வந்தார். மலையில் மரத்தைப் பெருக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. மூச்சு வாங்க ஏறி வந்தவர், ஒரு கல்லில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்.

"இந்தப் பக்கம் காடு. சரி. அந்தச் சரிவுல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

சோலையார் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு கிளையை அசைத்தார்.

"அங்கேயா? அங்கே ஒண்ணும் இல்லீங்க. காலி இடம்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "காலியா? அப்ப மரம் வைக்கலாமே!"

"தாராளமா வைங்க. எனக்கும் சொந்தபந்தம் கூடும்."

சோலையாருக்கு அப்போதே மனம் பறந்தது. இந்த மேடு, அந்த மேடு, அதற்கும் அந்தப்பக்க மேடு, எல்லாம் மரம். மொத்த மலைக்கும் தான் மூத்தவர். வருகிறவர்களெல்லாம் தன்னிடம் யோசனை கேட்பார்கள். அந்த நினைப்பிலேயே அவருக்கு இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

புல்வெளிக்கு எல்லாம் காதில் விழுந்தது. காற்று வந்து அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பிக் கிடந்தாள்.

மழைக்காலம் தொடங்கியதும் லாரி வந்தது. கறுப்புப் பைகளில் மூன்று வகை விருந்தாளிகள் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர் பைன். பனி கொட்டும் தேசத்துக் காட்டுக்காரர். இறங்கியதும் கேட்டார், "எப்போ பனி விழும்?"

"தை மாசம் காலையில தரையெல்லாம் வெள்ளையா இருக்கும். பத்து மணிக்குக் கரைஞ்சிரும்," என்றார் சோலையார்.

"கிளைமேல ஆள் உயரத்துக்குக் குவியுமே, அந்தப் பனி?"

"அதெல்லாம் இங்கே கிடையாதுங்க."

"பரவாயில்லை, காத்திருக்கேன்." பைன், பனி சறுக்கி விழுவதற்குத் தோதாகக் கிளைகளைச் சரித்து வைத்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் யாருடனும் பேசவில்லை. ஊசி ஊசியாக இலையை மட்டும் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது தைல மரம். தெற்குக் கடலுக்கு அப்பால் உள்ள கண்டத்திலிருந்து வந்தது. அது இறங்கியதும் மலையெங்கும் யாருக்கோ தலைவலி வந்த வீட்டின் வாசம் அடித்தது.

மூன்றாவது சீகை. தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய்க்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோல் பதனிடப் பட்டை தருகிறவன், தைல மரத்தின் ஊர்க்காரன். மஞ்சள் பூ, மெல்லிய இலை, பணிவான பேச்சு.

"வணக்கம் சார். எனக்குப் பெரிய இடமெல்லாம் வேண்டாம் சார். கால் ஊன்ற இடம் இருந்தால் போதும்."

"என்ன மரியாதை! என்ன அடக்கம்!" என்று சோலையார் உருகிப்போனார்.

மூன்றாம் வருடமே சீகை பூத்தான். ஐந்தாம் வருடம் அவன் பிள்ளைகள் பூத்தார்கள். எட்டாம் வருடம், எது சீகை, எது அவன் பிள்ளை, எது பேரன் என்று அவனுக்கே தெரியவில்லை. மேடு முழுக்க மரம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, வரைபடத்தில் பச்சை பூசிக்கொண்டு சந்தோஷமாக இறங்கிப் போனார்.

சோலையாரும் முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் சில சங்கடங்கள் தெரிந்தன. புதுச் சொந்தக்காரர்கள் கிளையில் பாசியை ஏற்றவில்லை. குருவிகள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. கடைசியில் காட்டெருமை ஒருநாள் குடும்பத்தோடு வந்து நின்றது.

"என்னங்க சோலையாரே, சாப்பாட்டுக் கடையையே மூடிட்டீங்களே?"

"ஏன், மேடு முழுக்க இலைதானே?"

"தைல மர இலையை நீங்க தின்னு பார்த்திருக்கீங்களா? மூணு நாளா என் வீட்டுக்காரி ஏப்பம் விட்டா, மருந்துக்கடை வாசம் வருது. நாங்க அடுத்த மலைக்குப் போறோம்." காட்டெருமை வரிசையாகப் பிள்ளைகளை முன்னால் விட்டு இறங்கிப் போனது.

அடுத்த மாசியில் ஓடை வந்தது. ஓடை என்று சொல்வதே அதிகம். கல்லுக்குக் கல் ஒதுங்கி, ஒரு விரல் தண்ணீராக வந்தது.

"சோலையாரே, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பங்குனியிலிருந்து நான் கிடையாது."

சோலையாருக்குச் சுருக்கென்றது. "நீ என் ஓடை. என்னைக் கேட்காம எப்படிப் போவே?"

"உங்க ஓடைதான். உங்க நிழல்ல குளிர்ச்சியாத்தான் இருந்தேன். ஆனா வெயில் காலத்துல என் கைக்குத் தண்ணி வந்தது மேட்டிலிருந்து. மழை நாலு மாசம்தான். அந்தப் புல்லம்மா அதைப் பிடிச்சு வெச்சு, மீதி எட்டு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா. அவகிட்ட இப்ப மேடு இல்லை. எங்கிட்ட தண்ணி இல்லை."

"அவளா? அவ ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நீங்க கேட்டதில்லையே," என்றது ஓடை. அதற்கு மேல் பேச அதனிடம் தண்ணீர் இல்லை.

சோலையார் சும்மா இருக்கவில்லை. நேரே சீகையிடம் பேசினார்.

"தம்பி, கொஞ்சம் தண்ணியைக் குறைச்சுக் குடிக்கக் கூடாதா?"

சீகை உண்மையாகவே வருத்தப்பட்டான். "முடியாது சார். எங்க ஊர்ல மழை இன்னிக்கு வரும், அடுத்து எப்ப வரும்னு தெரியாது. தண்ணியைப் பார்த்ததும் குடிக்கிறதுதான் எங்க வளர்ப்பு. இங்கே தினமும் தண்ணியைப் பார்க்கிறேன். என்ன செய்ய?"

"சரி, பிள்ளைகளையாவது..."

"அதையும் சொல்லிடறேன் சார். அங்கே என் விதையைத் தின்ன வண்டு இருந்தது. இலையைத் தின்ன புழு இருந்தது. பட்டையைத் துளைக்க ஒரு கூட்டமே இருந்தது. நூறு பெத்தா ஒண்ணு மிஞ்சும். அதனால நான் அடக்கமானவன்னு ஊரே சொன்னது. நானும் நம்பிட்டேன். இங்கே வந்த பிறகுதான் தெரியுது. அடக்கம் என்னுடையது இல்லை சார், அந்த வண்டுகளுடையது."

சோலையார் துணைக்கு ஆள் தேடினார். பைனைப் பார்த்தார். பைன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சித்திரையில் சோலையாரின் ஓரத்து மரங்கள் இரண்டு உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன. பாசி சுருண்டு உதிர்ந்தது. அவர் முதல்முறையாகப் பயந்தார். புல்வெளியைத் தேடினார். அவ்வளவு பெரிய மேட்டில் அவள் எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. கடப்பாரை இறங்காத ஒரு பாறையைச் சுற்றி, பத்துப் பாய் விரிக்கும் அளவு இடத்தில் ஒடுங்கிக் கிடந்தாள். அங்கேயும் மூடுபனியை நுனி நுனியாகத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தங்கச்சி," என்றார் சோலையார்.

"சொல்லுங்கண்ணா."

"அன்னிக்கு அந்த அதிகாரி கேட்டப்போ..."

"காதுல விழுந்துச்சு."

"தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிரு."

"மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்குண்ணா? எனக்கு வெயில் வேணும். தலைக்கு மேல நிக்கிற இவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்ல முடியுமா?"

முடியாது. மரங்களைக் கூப்பிட முடிந்த அவருக்கு, போகச் சொல்லும் வழி தெரியவில்லை.

கீழே ஊரில் ஓடைத் தண்ணீர் வரும் குழாய் நின்று பதினொரு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் மாதியம்மாள் என்பவள், நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். ஓடை எங்கே நின்றுபோனது என்று தேடி வந்தவள், வெறுங்கையோடு வரவில்லை. ஐந்து பேர் தலையிலும் கூடை. கூடை நிறைய மரக்கன்று.

"மரம் வெச்சா தண்ணி வரும்னு பள்ளிக்கூடச் சுவத்துல எழுதியிருக்கு," என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இடம் தேடினாள். மேடெல்லாம் மரம். வெட்டவெளியாக இருந்தது அந்தப் பாறையோரம் மட்டும்தான். "இதோ, இங்கே காலியா இருக்கு," என்று கூடையை இறக்கி, மண்வெட்டியைத் தூக்கினாள்.

சோலையார் கிளையெல்லாம் உலுக்கினார். பறவைகள் பதறி எழுந்தன.

"அம்மா, நிறுத்துங்க! மரம் வைக்காதீங்க!"

மாதியம்மாள் மண்வெட்டியைத் தோளிலேயே நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "யார் பேசறது?"

"நான்தான். சோலை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "கேட்டீங்களாடி? மரமே மரம் வேண்டாங்குது! ஏன், உன் பெருமை குறைஞ்சுடுமா?" என்றாள் மாதியம்மாள்.

"பெருமையாலதான் கெட்டுது. அது காலி இடம் இல்லம்மா. காலின்னு அன்னிக்குச் சொன்னவன் நான்தான். பொய் சொன்னேன். உங்க குழாய்த் தண்ணி இந்தப் புல்லுகிட்ட இருந்துதான் வந்தது. நம்பலைன்னா கையை விட்டுப் பாருங்க."

மாதியம்மாள் தோட்டவேலை செய்து காய்ப்பேறிய தன் கையைப் புல்லுக்கடியில் விட்டாள். பதினொரு நாளாகத் தண்ணீர் தொடாத கை. வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் ஈரமான கறுப்பு மண் இருந்தது. அவள் எழுந்து போய் சீகையின் அடியில் கையை விட்டாள். தூசிதான் வந்தது.

"டேய், நீயா எங்க தண்ணியைக் குடிச்சே?"

"ஆமாங்கம்மா," என்றான் சீகை. "மறைக்கிற பழக்கம் எனக்கில்லை."

கன்றுகள் கீழே போய் ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லையில் ஊன்றப்பட்டன. மேட்டில் நிற்கும் மூன்று வகை மரத்தையும் வெட்ட அனுமதி வேண்டுமே. மாதியம்மாள் அலுவலகத்துக்கு மூன்று முறை போனாள். மரம் வெட்டினால் தண்ணீர் வருமா என்று அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் முறை, தணிகாசலத்தை மலைக்கே அழைத்து வந்து, அவர் கையைப் பிடித்து இரண்டு மண்ணிலும் விடவைத்தாள். முதலில் ஈரம், அப்புறம் தூசி என்று அவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "மரம் எத்தனைன்னு கேட்டேன். தண்ணி எங்கே போகுதுன்னு நான் கேட்கவே இல்லையே," என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

வெட்டுகிற அன்று சீகை ரம்பத்துக்கு வாகாக நின்றான். பாதி அறுத்தபோதுதான், "அம்மா, ஒரு விஷயம். மண்ணுக்குள்ள என் விதைகள் இருக்கு. வெயில் பட்டா எழுந்திரிக்கும்," என்றான்.

"எத்தனை?"

"எனக்கே தெரியாதுங்கம்மா. முப்பது வருஷம் வேணும்னாலும் தூங்கும்."

"இதை முன்னாலேயே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேட்கலைங்களே."

"இந்த மலையில யாரும் யாரையும் ஒண்ணும் கேட்கிறதே இல்லையா?" என்று மாதியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். சோலையார் இலையைக்கூட அசைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் மழை நின்றதும் பெண்கள் சோற்றுத் தூக்கோடு மேலே வந்து, முளைத்ததையெல்லாம் பிடுங்கினார்கள். சீகையின் ஊரில் வண்டு செய்த வேலையை இங்கே மாதியம்மாள் செய்தாள். புல்வெளி பாறையடியிலிருந்து மெல்ல இறங்கி, ஒரு வருடத்துக்கு ஒரு முழம் இரண்டு முழமாகத் தன் இடத்தைப் பிடித்தாள். நான்காம் வருடப் பங்குனியில் குழாய் கொறகொறவென்று சத்தம் போட்டு, இரண்டு முறை காற்றை உமிழ்ந்து, அப்புறம் தண்ணீர் கொடுத்தது. அடுத்த மலையிலிருந்து காட்டெருமை ஒன்று வந்து வேவு பார்த்துவிட்டுப் போனது.

ஆறாம் வருடம் பிடுங்கும்போது மாதியம்மாளின் கை ஒரு கன்றின்மேல் நின்றது. புல்வெளியின் நடுவில், இரண்டே இலையோடு, சிவந்த தளிர்.

"சோலையாரே, இது சீகை மாதிரி இல்லையே. உங்க வீட்டு நாவல் மாதிரி இருக்கு."

சோலையார் பார்த்தார். அவருடைய பிள்ளைதான். ஏதோ குருவி கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. காய்ந்துபோன அந்த ஓரத்து மரங்களுக்குப் பிறகு அவருக்கு முளைத்த முதல் கன்று.

"என்னுதுதாம்மா," என்றார். "பிடுங்கிடுங்க."

புல்வெளி வேலையை நிறுத்தித் தலைநிமிர்ந்தாள். "இருக்கட்டும்ணா. சின்னதாத்தானே இருக்கு. ஒண்ணே ஒண்ணுதானே?"

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்கிறோம், தங்கச்சி. பிடுங்குங்கம்மா, வேரோட."