நெருப்பாறு பார்க்கப் போன பூவாத்தா

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பொடிசுகளே! மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. ஒரு மலையின் உச்சியிலிருந்து நெருப்பாறு குழம்பாய்க் கொதித்து இறங்கும். பார்க்கப் போகிறவர்களை ஆசைகாட்டி அதில் கால்வைக்கச் செய்து, கல்லாக்கிவிடுவான் மந்திரவாதி கரிமுகன். ஒரே ஒருவர் ஏமாறாமல் பார்த்துத் திரும்பினாலும் அவன் மாயம் உடையும்.

உப்பு விற்கும் பூவாத்தாவின் தம்பி சடையனும் அங்கே கல்லாகிக் கிடந்தான். அவனை மீட்கக் கிளம்பினாள் அவள், தன் பேசும் கழுதையோடு.

"பயமா இருக்கு தாயி," என்றது கழுதை.

"எனக்குந்தான். பயந்துக்கிட்டே வா."

மலையில் கரிமுகன் வழிகாட்டி வேடத்தில் வந்தான். "பள்ளத்துல இறங்கு மகளே, நல்லாத் தெரியும்."

பூவாத்தா ஒரு பிடி மண்ணைத் தூவினாள். காற்று அதைப் பள்ளத்துக்குள் தள்ளியது. புகையும் அங்கேதான் தேங்கி நின்றது.

"நான் மேட்டுலயே நிக்கிறேன், காத்துக்கு முதுகைக் காட்டி."

"சரி, அந்தக் கறுத்த பாறை மேலயாவது ஏறு. ஆறிப்போச்சு."

தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல், எட்ட நின்றே குடுக்கைத் தண்ணீரை வீசினாள். சொய்ங்!

"இதுதான் ஆறின லட்சணமா?"

மூன்றாவதாக, பாறை நடுவே சடையனே எழுந்து நின்றான். "அக்கா! கையைக் குடு அக்கா!"

பூவாத்தாவின் கால் தானாக நகர்ந்தது. கழுதை சேலையைக் கவ்வி இழுத்தது. "தாயி, ஆறு வளைஞ்சு வருது. வந்த வழி அடைபடப் போகுது!"

அவள் தம்பியின் பாதங்களைப் பார்த்தாள். கோடை மணல் சுட்டாலே கத்தி ஊரைக் கூட்டுகிறவன், கனல் பிளவின்மேல் ஆடாமல் நின்றான்.

"நீ என் சடையன் இல்லடா," என்று திரும்பி நடந்தாள். ஒரு அடி, இரண்டு அடி. பின்னால் அழுகுரல். மூன்றாம் அடி.

படார்! மாயம் உடைந்தது. மேட்டோரம் கிடந்த கற்களெல்லாம் மனிதர்களாய் எழுந்தன.

"பசிக்குதுக்கா," என்றான் நிஜச் சடையன். அவள் அவன் தலையில் குட்டிவிட்டு அழுதாள்.

மந்திரம் போன கரிமுகன், அன்றுமுதல் வருகிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்தான்.

ஊர் திரும்புமுன், எல்லோரும் உயர்ந்த மேட்டில் வரிசையாய் நின்று, செக்கச்சிவந்த ஆற்றைக் கண்குளிரப் பார்த்தார்கள். கழுதை மட்டும் ஆற்றுக்கு வாலைக் காட்டி நின்றது. திரும்பிப் போகும் வழியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா!