பல்லிக்கு வார்த்தை போன நாள்

அந்தக் காலத்தில் பல்லிகளும் நம்மைப் போல முழுசாகப் பேசின. ஆனால் கூச்ச சுபாவம். யாராவது கேட்டால்தான் வாய் திறக்கும். மற்ற நேரமெல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கும்.

கடலோர ஊர் ஒன்றில், பிலோமினாவின் அடுப்படிச் சுவரில் அப்படி ஒரு பல்லி இருந்தது. கேக் வேகும் பதம் அதற்கு அத்துப்படி. அப்போது கடிகாரம் கிடையாது. பெரிய சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவாள் பிலோமினா. இடையில் திறந்து பார்த்தால் கேக் அமுங்கிப்போகும். அதனால் சுவரில் ஏறும் சூட்டைப் பல்லி தன் பாதத்தால் பார்த்து, “வெந்தாச்சு” என்று சொல்லும். எங்கே நின்றாலும், ‘கேட்டுவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாக அவள் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஒரு கேக்கும் கருகியதில்லை. பல்லிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒரு மார்கழிக் காலையில், வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையுமாக அவள் கை ஓய அடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு இவ்வளவு பெரிய கேக்?” பல்லிக்கே பொறுக்கவில்லை, கேட்டுவிட்டது.

“தம்பிக்கு. அவன் தோணி நேத்து துறைக்கு வந்துருக்காம். உச்சிக்குக் காத்துத் திரும்பினா கெளம்பிருமாம்.”

பல்லிக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்தபோது தம்பி கஸ்பார் கடலில் இருந்தான். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தவனிடம், “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்று பிலோமினா சொன்னாள். அவன் மிதிக்கவில்லை.

“கோபம் போயிருச்சா?”

“அது எப்பவோ போச்சு. நான் சொன்ன சொல்லுதான் வாசல்ல நிக்கிது. நானே ‘உள்ள வா’ன்னு சொன்னாத்தான் அது நகரும். கையில கேக் இருந்தா சொல்லிருவேன். வெறுங்கையா நின்னா எனக்கு வாய் வராது.”

“அவன் வரலேன்னா?”

“வாசனைக்கே வருவான். சின்னதுல, நான் ஊறவெச்ச திராட்சையில பாதி அவன் வயித்துக்குள்ளதான் போகும்.” பேரீச்சம்பழத் துண்டுகளையும் உலர்திராட்சையையும் மாவில் புரட்டிக் கலவையில் போட்டாள். கிண்ணத்தில் ஒரு பிடி மிஞ்சியது. அதையே பார்த்தாள். “ஏழு வருஷமா மிஞ்சுது.”

கேக் பாதி வெந்திருக்கும். வாசலில் நிழல் விழுந்தது. அவள் மாவுக் கையோடு ஓடினாள். கஸ்பார் படிக்கு வெளியே நின்றான்.

“அக்கா.”

“எளைச்சுட்டே.”

“நீதான் வெளுத்துட்டே. தலையில மாவா, நரையா?”

“ரெண்டும்டா.”

அவன் சிரித்தான். கையிலிருந்த துணி மூட்டையை உயர்த்திக் காட்டினான். “திராட்சை வத்தல். அக்கரையிலேருந்து உனக்குன்னு கொண்டாந்தேன். வழியில பாதியைத் தின்னுட்டேன்.”

“நீ திருந்தவே மாட்டே.”

அவன் கண் நிலைப்படியிலேயே இருந்தது.

“அம்மா போன அன்னைக்கு...” என்று அவன் ஆரம்பித்தான்.

“அது வேண்டாம் கஸ்பார்.” அவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். “நீ... நீ மொதல்ல...”

அடுப்படிச் சுவரின் மேலிடுக்கிலிருந்து பல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் கேக் இல்லாமலே அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. அதே நொடியில் பாதத்தில் சூடு சுருக்கென்று ஏறியது. இன்னும் சற்றுப் பொறுத்தால் ஓரம் கருகும். இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை. அதுவும் தம்பிக்கான கேக்.

“வெந்தாச்சு!”

பிலோமினா பழக்கதோஷத்தில் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பி உள்ளே ஓடினாள்.

பல்லியின் சன்னக் குரல், பழகாத கஸ்பாரின் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவனுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அக்கா பேச்சை விழுங்கினாள், கதவைத் தட்டினாள், முதுகைக் காட்டிப் போனாள். அவன் கண்டது அவ்வளவுதான். படியை நோக்கி நகர்ந்திருந்த காலைப் பின்னுக்கு இழுத்தான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

‘போகாதே, கேக்கை எடுக்கத்தான் போனாள்’ என்று பல்லி உரக்கக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாளும் பேசியிராத ஆளை எப்படிக் கூப்பிடுவது? பல்லி கூசியது. கூசிக்கொண்டிருந்தபோதே அவன் தெருமுனையைக் கடந்துவிட்டான்.

அவள் தட்டைக் கவிழ்த்து, தட்டி, ஆவி பறக்கும் கேக்கைக் கையில் ஏந்தி வந்தாள்.

“உள்ள வாடா!”

அத்தனை தெளிவாக வந்தது சொல். வாசலில் மூட்டை மட்டும் இருந்தது.

கேக்கோடு கடற்கரைக்கு ஓடினாள். காற்று திரும்பியிருந்தது. தோணியின் பாய் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அதற்குப் பின் அந்தத் தோணி அந்தத் துறைக்கு வரவே இல்லை.

வீடு திரும்பியவள் கேக்கை அறுத்தாள். ஒரு துணுக்கைச் சுவரோரம் வைத்தாள்.

“நல்ல பதம். நீ சரியான நேரத்துலதான் சொன்னே.”

திட்டியிருந்தாலாவது பல்லிக்கு ஆறியிருக்கும். ‘கருகட்டும் என்று விட்டிருக்க வேண்டும், அவனையாவது கூப்பிட்டிருக்க வேண்டும்’ என்று சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. “ச்சு... ச்சு...” என்ற சத்தம்தான் வந்தது. மறுநாளும் அதேதான். அதன் பிறகு எந்தப் பல்லிக்கும் வார்த்தை திரும்பவே இல்லை.

அன்று முதல்தான், வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி உச்சுக்கொட்டுகிறது. கேட்டவர்களும் விரலால் தரையில் தட்டிவிட்டு, எழுந்து போகாமல், சொல்ல வந்ததை அங்கேயே சொல்லி முடிக்கிறார்கள்.