பின்பக்கம் முழித்திருந்த பசு

மொட்டைப்பாறை மலையூரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது. அப்படிச் சேமித்து வைத்தவர்களில் முதல் ஆள் ஆறுக்குட்டி. அவனுக்கென்று இருந்தது செவலை என்றொரு பசுவும் மாரக்கா என்றொரு பெண்டாட்டியும். இருவர் மேலும் அவனுக்கு உயிர். இருவரிடமும் பயம்.

மேட்டுத் தெருவில் சிறுத்தை புகுந்து ஆட்டைத் தூக்கிப்போன அன்றே மாரக்கா சொல்லிவிட்டாள்: "செவலைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க இந்த வாசப்படி ஏறக்கூடாது, பாத்துக்குங்க."

ஆறுக்குட்டி நேராக வனக்காவலரிடம் ஓடினான். கூட்டாளிகள் குப்பண்ணனும் பொங்கியானும் கூடவே ஓடினார்கள். மூவரில் குப்பண்ணன் வயதில் மூத்தவர். அதனால் அவரே அறிவாளி என்பது ஏற்பாடு.

"சிறுத்தை பின்னாலருந்து பதுங்கி வந்துதான் பாயும்," என்றார் காவலர். "இரை தன்னைப் பார்த்துட்டுதுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் விட்டுட்டுப் போயிரும். சில பட்டாம்பூச்சி இறக்கையில கண்ணு மாதிரிப் புள்ளி இருக்கில்ல? அதுவும் எதிரியை மிரட்டத்தான். மாட்டுக்குப் பின்பக்கம் ரெண்டு கண்ணு வரைஞ்சு விடுங்க."

வரைந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கண்கள். பொங்கியானுக்குக் கை நிற்கவில்லை. புருவம் வைத்தான், இமைமயிரும் இழுத்துவிட்டான். செவலை முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் லட்சணமாகிவிட்டது.

அங்கேதான் சிக்கல். "இப்போ இதுக்கு முன்பக்கம் எதுங்ணா?" என்றான் ஆறுக்குட்டி.

குப்பண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "கண்ணு இருக்கற பக்கம்."

"ரெண்டு பக்கமும் இருக்குதுங்களே."

"பெரிய கண்ணு எங்க இருக்குதோ, அங்க."

உடனே கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வாலில் கட்டினார்கள். புல்லை வால் பக்கம் போட்டார்கள். செவலை திரும்பி நின்று தின்றது. "பின்பக்கத்தால திங்குது பாரு, கெட்ட பழக்கம்," என்று பொங்கியான் வருத்தப்பட்டான்.

பொழுது சாய்ந்ததும் ஆறுக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை. "பெரிய கண்ணு ரெண்டும் மூடவே மாட்டேங்குதுங்ணா. பாவம், எப்படித் தூங்கும்?"

கண்ணைத் திறந்தபடி வரைந்ததற்காகப் பொங்கியானுக்கு நல்ல திட்டு விழுந்தது. பிறகு அந்தக் கண்களுக்கு மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டார்கள்.

"அப்போ சிறுத்தையை ஆருங்ணா பாக்கறது?"

"நாமதான்," என்றார் குப்பண்ணன்.

மூவரும் மொட்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு கண்ணைப் பின்மண்டையில் வரைந்துகொண்டார்கள். தொழுவத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். "பின்னாடிக் கண்ணு காவல் காக்கறப்ப முன்னாடிக் கண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் குப்பண்ணன். நியாயமான கேள்வி. மூவரும் குறட்டை விட்டார்கள்.

விடிந்து பார்த்தால் சாக்கு கிடக்கிறது, கயிறு கிடக்கிறது, செவலையைக் காணோம். ஆறுக்குட்டி வாய்விட்டு அழுதான். மாரக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஈர மண்ணில் குளம்புத் தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஓடை வரை ஓடினார்கள். ஓடையைத் தாண்டித் தடம் காட்டுக்குள் போனது. ஆறுக்குட்டி தண்ணீரில் காலை வைக்கப் போனான்.

"நில்லு!" என்றார் குப்பண்ணன். "குளம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

"காட்டைப் பாக்குதுங்."

"அது பழைய முன்பக்கம். முன்பக்கம்தான் மாறிப்போச்சே! அப்போ மாடு காட்டுக்குப் போகலை. காட்டுலருந்து வந்திருக்குது."

அந்த அறிவைக் கண்டு பொங்கியானுக்குப் புல்லரித்தது. தடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். தடம் நேராகத் தொழுவத்தில் வந்து முடிந்தது. அங்கே செவலை நின்றுகொண்டிருந்தது. காட்டோரம் புது அருகம்புல் மேய்ந்துவிட்டு, பால் கறக்கும் நேரமாயிற்றே என்று வேலிப் பக்கமாக வீடு திரும்பியிருந்தது.

"குளம்பை நம்பிப் போயிருந்தா இன்னிக்கு மாடு கெடச்சிருக்குமா?" என்றார் குப்பண்ணன்.

ஆறுக்குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் தங்கமே!" என்று ஓடிப்போய் அந்தப் பெரிய கண்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு முத்தம் வைத்தான்.

செவலை ஒரே உதை விட்டது. பறந்துபோய் வாசப்படியில் விழுந்தான். பால் சொம்போடு வெளியே வந்த மாரக்கா அவன் மொட்டைத் தலையைப் பார்த்தாள், பசுவின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

ஆறுக்குட்டி படுத்தவாக்கிலேயே சிரித்தான். "பாத்தியா மாரக்கா? திரும்பிக்கூடப் பாக்காம எம்பட நெஞ்சுலயே குறி வெச்சு ஒதைக்குது! புதுக் கண்ணு அத்தனை துல்லியமாத் தெரியுது!"