வலிக்காத சீட்

பேரூராட்சித் தலைவர் நல்லபெருமாள் உடம்பைக் குறைக்கச் சைக்கிளில்தான் ஆபீஸ் போவார். போவார் என்பது பேச்சுக்கு. அவர் ஏறி உட்கார்ந்து வணக்கம் போடுவார். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது வேலைக்காரன் சுடலைக்கண்ணு.

இறங்கும்போது தலைவருக்கு உட்காருமிடம் ரணமாகியிருக்கும். ஸ்பிரிங் சீட், தோல் சீட், பஞ்சு சீட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒன்றும் ஒத்துவரவில்லை.

“ஏல, நாளைக்கு வலிக்காத சீட்டோட வா. இல்லன்னா வேலைக்கே வராத” என்றார்.

மறுநாள் சீட் பட்டுத்துணியில் பளபளத்தது. “இது ரொம்ப ரோஷக்கார சீட்டுய்யா. ஏறினவரைத் தவிர வேற யார் கை பட்டாலும் உட்கார்ந்திருக்கிறவரைக் குத்தும்” என்று சொல்லி சுடலைக்கண்ணு விலகி நின்றான்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், எப்போதோ பழகியதை நம்பித் தலைவர் தானே மிதித்தார். தள்ளாடி, வியர்த்து, ஆபீஸ் வாசலில் இறங்கித் தடவிப் பார்த்தார். வலியே இல்லை.

“எங்கல பிடிச்ச இத?” என்று, பின்னால் ஓடிவந்தவனிடம் ஊர் கேட்கக் கத்தினார்.

“உங்க பழைய சீட்டுதான்யா. துணி மட்டும் புதுசு.”

“பிறகு இத்தன நாள் ஏன் வலிச்சுது?”

“மிதிக்கிறவுக பாரத்துல பாதியக் காலு தாங்கிக்கிடும்யா. சும்மா உட்கார்ந்திருக்கிறவுகளுக்கு எந்த சீட்டும் குத்தத்தான் செய்யும்.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைவர் உள்ளே போனார். தன் நாற்காலியில் அடுக்கியிருந்த மெத்தைகளைப் பார்த்தபடி, உட்காராமல் வெகுநேரம் நின்றார்.